வேல்ஸின் குடும்பக் கோட்டைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வடக்கு வேல்ஸ் பயணத்தைப் பற்றி எழுதியபோது, கோன்வி, கெர்னார்வன் ஆகிய பெருங்கோட்டைகளோடு கட்டுரையை முடித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்த கோட்டைகள் கிராமப்புறத்தில் இருக்கின்றன என்று ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வரும் ஜூன் மாதம் நானும் என் கணவரும் ஆறு நாள் வேல்ஸில் இருப்போம். கெர்னார்வன் போன்ற புகழ்பெற்ற கோட்டைகளைவிட, ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும் கோட்டைகளைப் பார்க்கவே எங்களுக்கு விருப்பம். எங்கே தொடங்குவது?
(வாசகி, மடிப்பாக்கம், சென்னை)

பதில்: தங்கள் விருப்பம் சரியான விருப்பம். கோன்வி, கெர்னார்வன், ஹார்லெக், போமாரிஸ் ஆகிய நான்கும் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸை அடக்குவதற்காக எழுப்பிய படைக்கோட்டைகள். உலகப் பாரம்பரியச் சின்னங்களாக 1986இல் அறிவிக்கப்பட்ட அவை கட்டடக் கலையில் ஈடிணையற்றவைதான். ஆனால் அங்கே இருந்தவர்கள் சம்பளம் வாங்கிய காவற்படையினரும் அதிகாரிகளும். அங்கே பாட்டன் கட்டிய மாடத்தில் பேரன் வளர்ந்த கதை கிடைக்காது.

அந்தக் கதை வேண்டுமென்றால் லாண்டட்னோ சந்திப்பிலிருந்து கோன்வி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் சிறிய ரயிலில் ஏறுங்கள். லான்ரூஸ்ட், டோல்விதெலன் என்ற இரண்டு நிலையங்கள் அந்த ஒரே பாதையில் வருகின்றன. முதலில் டோல்விதெலனில் இறங்குங்கள். மொயல் ஷாபோட் மலையின் அடிவாரத்தில், ஆடுகள் மேயும் சரிவுக்கு மேலே, சதுரமான ஒற்றைக் கோபுரம் தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவினெத் நாட்டின் இளவரசர் லுவெலின் அப் யோர்வெர்த் கட்டியது அது. மக்கள் அவரை மகா லுவெலின் என்று அழைத்தார்கள். எட்வர்டின் படை 1283 ஜனவரியில் அந்தக் கோபுரத்தைக் கைப்பற்றியது. பிறகு இருநூறு ஆண்டுகள் கழித்து, 1488இல், அதே இளவரசர் மரபில் வந்தவராகத் தம்மைக் கருதிய மரெடித் அப் யெவான் என்பவர் அந்தக் கோட்டையைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறினார்.

அவர் ஏன் அங்கே வந்தார் என்பதை அவருடைய வம்சத்தில் பிறந்த சர் ஜான் வின் தம் குடும்ப வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். சொந்த ஊரான எய்ஃபியோனித்தில் பங்காளிச் சண்டை முற்றிப்போய்விட்டது. அங்கேயே இருந்தால் உறவினர்களைத் தாம் கொல்ல வேண்டும், அல்லது அவர்கள் கையால் தாம் சாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, சொந்த இரத்தத்தோடு போராடுவதைவிடக் கொள்ளையரோடு போராடுவது மேல் என்று முடிவு செய்து, கொள்ளையர் நிறைந்திருந்த இந்த மலைப்பகுதிக்கு அவர் குடிபெயர்ந்தார். தேவாலயத்துக்குப் போகும்போதுகூட உயரமான வில்லாளிகள் இருபது பேரைத் துணைக்கு வைத்திருந்தாராம். அவர் கட்டிய சிறிய தேவாலயம் ஊருக்குள் இன்றும் இருக்கிறது. கோட்டைக்குப் போகிறவர்கள் பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

காலம் சற்று அமைதியானதும் மரெடித் பள்ளத்தாக்கில் இறங்கி, லான்ரூஸ்டுக்கு எதிர்க்கரையில் குவிடிர் என்ற மாளிகையை எழுப்பினார். கோட்டை என்றே பெயர் பெற்றிருந்தாலும், அது கல்லால் கட்டிய வாழ்வில்லம். மலை உச்சியில் அச்சத்தோடு வாழ்ந்த ஒரு குடும்பம், ஆற்றங்கரையில் தோட்டம் போட்டு வாழத் துணிந்ததை இந்த இரண்டு நிலையங்களுக்கு இடையிலான சிறிய தூரத்தில் காண முடிகிறது. குவிடிரின் பதினேழாம் நூற்றாண்டு உணவறையின் மரவேலைப்பாடு முழுவதையும் 1921இல் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். பல பத்தாண்டுகள் அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிடங்கில் பெட்டிகளுக்குள் கிடந்தது. மாளிகையைப் பிற்காலத்தில் வாங்கிச் சீரமைத்தவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்து, 1996இல் திரும்பக் கொண்டுவந்து, பழைய இடத்திலேயே பொருத்தினார்கள். அந்த அறையில் நின்றபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்தப் பெருங்கோட்டையும் தரவில்லை. அங்கே இப்போதும் ஒரு குடும்பம் வசிப்பதால், பார்வையாளர்களை அனுமதிக்கும் நாட்களை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீதமுள்ள நாட்களில் இரண்டைப் போவிஸ் கோட்டைக்கும், இரண்டைத் தென்மேற்கில் லாண்டைலோ, கேரூ பக்கத்துக்கும் ஒதுக்கலாம். அவற்றைப் பற்றிக் கீழே வரும் கேள்விகளில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு கோட்டைகளும் வீரர்களும் இருந்த ஒரு நாடு எப்படி அடிமைப்பட்டது? இளவரசர்களின் வாரிசுகள் என்ன ஆனார்கள்?
(வாசகர், மதுரை)

பதில்: படைபலத்திலும் பணபலத்திலும் இங்கிலாந்து மிகப் பெரியது என்பது முதற்காரணம். ஆனால் வேல்ஸ் கோட்டைகளைச் சுற்றி வரும்போது இரண்டாவது காரணம் ஒன்று ஒவ்வொரு இடத்திலும் கண்ணில் படும்: அது சொத்துரிமைச் சட்டம். பழைய வேல்ஸ் சட்டப்படி தகப்பனின் நிலம் மகன்கள் அனைவருக்கும் சமமாகப் பிரிய வேண்டும். தகப்பன் ஏற்றுக்கொண்டிருந்தால் மணஉறவுக்கு வெளியே பிறந்த மகனுக்கும் பங்கு உண்டு. ஒரு குடியானவர் வீட்டில் இது நியாயமான ஏற்பாடு. ஓர் அரச குடும்பத்தில், ஒவ்வொரு தலைமுறையிலும் நாட்டைத் துண்டாக்குவதற்கும், அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் சிறைவைப்பதற்கும் அது வழி செய்தது.

லான்பெரிஸ் ஏரிக்கரையில் டோல்படார்ன் என்ற வட்டக் கோபுரம் நிற்கிறது. மகா லுவெலினின் பேரனான லுவெலின் அப் கிரிஃபித், தம் அண்ணன் ஓவைனை 1255இல் போரில் தோற்கடித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைத்திருந்தார். அந்தச் சிறை டோல்படார்ன்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த உறுதியினால்தான் லுவெலினால் வேல்ஸின் பெரும்பகுதியை ஒன்றாக்க முடிந்தது. 1267இல் இங்கிலாந்து மன்னரே அவரை வேல்ஸ் இளவரசர் என்று ஏற்றார். ஆனால் அவருடைய தம்பி டாவித், போவிஸ் பகுதியை ஆண்ட கிரிஃபித் அப் குவென்வின்வினோடு சேர்ந்து 1274இல் அவரைக் கொல்லச் சதி செய்தார். சதி வெளிப்பட்டதும் இருவரும் எட்வர்டிடம் அடைக்கலம் புகுந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்தே பகைவனுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

1282 டிசம்பர் 11ஆம் நாள் பில்த் அருகே லுவெலின் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அவருடைய ஒரே மகள் குவென்லியன் பிறந்திருந்தாள். தாய் எலினோர் அந்தப் பிரசவத்திலேயே இறந்துவிட்டார். தாயும் தந்தையும் இல்லாத அந்தப் பச்சைக் குழந்தையை எட்வர்ட் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள செம்ப்ரிங்ஹாம் கன்னிமடத்துக்கு அனுப்பினார். அவள் திருமணம் செய்துகொள்ளக் கூடாது, வாரிசு பிறக்கக் கூடாது என்பதே நோக்கம். 1337இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவள் அந்த மடத்திலேயே இருந்தாள். வேல்ஸ் மொழியைப் பேசுவோர் அருகில் இல்லாமல், தன் பெயரைச் சரியாக உச்சரிப்போர்கூட இல்லாமல் ஓர் இளவரசி வாழ்ந்து முடித்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. கடைசியாக எதிர்த்து நின்ற டாவித்தும் 1283இல் பிடிபட்டு, ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஸ்னோடோனியா மலைத்தொடரின் ஒரு சிகரத்துக்கு 2009இல் கார்னெத் குவென்லியன் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தக் குடும்பத்தின் கோட்டைகள் பலவும் இன்று கூரையற்றுக் கிடக்கும் நிலையில், மகளின் பெயரை ஒரு மலை தாங்கி நிற்கிறது.

கேள்வி: திப்பு சுல்தானின் கூடாரமும் சிம்மாசனத்தின் தங்கப் புலித்தலையும் வேல்ஸில் ஒரு கோட்டையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது ஆற்காட்டுப் போரில் வென்ற ராபர்ட் கிளைவின் கோட்டையா?
(வாசகர், திருவரங்கம், திருச்சி)

பதில்: செய்தி உண்மை; கோட்டை போவிஸ். ஆனால் ராபர்ட் கிளைவ் அங்கே வாழ்ந்தவர் அல்லர். அவர் எல்லைக்கு அப்பால் ஷ்ரோப்ஷயரில் பிறந்தவர், 1774இல் இறந்துவிட்டார். போவிஸுக்கும் கிளைவ் குடும்பத்துக்கும் தொடர்பு ஏற்பட்டது அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான். அது எப்படி நேர்ந்தது என்பதில்தான் பரம்பரைக் கோட்டை என்ற சொல்லின் முழுப் பொருளும் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெல்ஷ்பூல் ஊருக்கு மேலே செந்நிறக் கல்லால் ஆன இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்கள், மேலே நான் குறிப்பிட்ட அந்தக் கிரிஃபித் அப் குவென்வின்வினின் குடும்பத்தினர். லுவெலினை விட்டு எட்வர்டின் பக்கம் சேர்ந்ததால் அவர்களுக்கு நிலமும் கோட்டையும் தங்கின. மகன் ஓவைன், டி லா போல் என்று நார்மன் பாணியில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். ஓவைனின் மகன் வாரிசின்றி இறந்ததும், மகள் ஹாவிஸுக்கும் அவளுடைய சிற்றப்பன்மாருக்கும் வழக்கு மூண்டது. வேல்ஸ் சட்டப்படி பெண்ணுக்கு நிலம் சேராது என்றனர் சிற்றப்பன்மார். இங்கிலாந்துச் சட்டப்படி சேரும் என்றார் அவள் கணவர் ஜான் சார்ல்டன். அவர் அரசவையைச் சேர்ந்தவர். 1312இல் சிற்றப்பன் கோட்டையை முற்றுகையிட்டும் பயனில்லை. மன்னர் ஹாவிஸின் பக்கமே நின்றார். பிறகு பல கைகள் மாறி, 1587இல் சர் எட்வர்ட் ஹெர்பர்ட் இதை விலைக்கு வாங்கினார். ஆக, போவிஸின் "பரம்பரை" என்பது இளவரசர் மரபு, பெண்வழி மரபு, விலைக்கு வாங்கியவர் மரபு என்று மூன்று முடிச்சுகள் போட்ட கயிறு.

நான்காவது முடிச்சு நம் ஊரோடு சேர்கிறது. ஹெர்பர்ட் குடும்பத்தின் மகளான ஹென்ரியெட்டா, ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டை 1784இல் மணந்தார். பெண் வீட்டாரிடம் பழம்பெருமையும், பழுதடைந்த கோட்டையும், கடனும் இருந்தன. மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தியாவில் ஈட்டிய பெரும் செல்வம் இருந்தது. எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநராகப் பணியாற்றினார். அவர் பதவியிலிருந்தபோதுதான் 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் உயிர்நீத்தார். அரண்மனைப் பொருள்கள் வெற்றிபெற்ற படையினரிடையே பங்கிடப்பட்டன, விற்கப்பட்டன, பரிசளிக்கப்பட்டன.

மறு ஆண்டு மார்ச் மாதம் ஹென்ரியெட்டா, கணவரைச் சென்னையிலேயே விட்டுவிட்டு, இரண்டு மகள்களையும், அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இத்தாலிய ஓவியர் அன்னா டோனெல்லியையும் அழைத்துக்கொண்டு, யானைகளும் பல்லக்குகளும் பெரும் பரிவாரமுமாகப் புறப்பட்டார். பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், தங்கள் திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு மாதங்களுக்கு மேல் அந்தப் பயணம் நீண்டது. பன்னிரண்டு வயது இளைய மகள் ஷார்லட் எழுதிய நாட்குறிப்பு இன்றும் நமக்குக் கிடைக்கிறது. பிற்காலத்தில் அவர் நார்தம்பர்லாந்துக் கோமகளாகி, சிறுமியாக இருந்த விக்டோரியாவுக்குக் கல்விப் பொறுப்பாளராகவும் இருந்தார். கிளைவியா என்ற செம்மஞ்சள் பூச்செடிக்கு அவருடைய குடும்பப் பெயரைத்தான் சூட்டினார்கள். ஹென்ரியெட்டா வழியெல்லாம் செடிகளையும் பறவைகளையும் கனிமங்களையும் சேர்த்தார். திப்புவின் நினைவுப் பொருள்களையும் சேர்த்தார்.

1801இல் ஹென்ரியெட்டாவின் தமையன் மணமாகாமலே இறந்ததால் போவிஸ் சொத்து அவர் குடும்பத்துக்கு வந்தது. கணவருக்கு 1804இல் போவிஸ் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. மூத்த மகன் 1807இல் கிளைவ் என்ற பெயரை விட்டுவிட்டு ஹெர்பர்ட் என்ற பெயரை ஏற்றார். தந்தையின் பணம் கோட்டையைக் காப்பாற்றியது. தாயின் பெயர் கோட்டையின் மேல் நின்றது. இதனால்தான் ஹெர்பர்ட் குடும்பத்தின் பரம்பரைக் கோட்டை என்று படித்துவிட்டு உள்ளே போகிறவர், கிளைவின் பொருள்களைக் கண்டு வியப்படைகிறார்.

பொருள்களுக்கு வருகிறேன். கோட்டையில் 1987இல் கிளைவ் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. திப்புவின் சிம்மாசனத்தைச் சுற்றியிருந்த கைப்பிடித் தூண்களில் ஒன்றின் முகப்பான, மணிகள் பதித்த தங்கப் புலித்தலை அங்கே இருக்கிறது. கூடாரம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பருத்தித் துணியால் ஆனது. மாடம் மாடமாக எல்லை வகுத்து, ஒவ்வொன்றிலும் பூச்சாடி தீட்டிய அதன் சாயம் இவ்வளவு காலத்துக்குப் பிறகும் சிவப்பும் பச்சையுமாக ஒளிவிடுகிறது. அந்தச் சாயத் தொழில் அறிந்த கைகளை நினைத்து நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். போர்க்களத்தில் ஓர் அரசருக்கு நிழல் தந்த அந்தக் கூடாரத்தைப் பிற்காலத்தில் போவிஸ் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் பயன்படுத்தினார்கள் என்று அறிந்தபோது மனம் நொந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

1952இல் நான்காம் போவிஸ் பிரபுவின் மறைவையடுத்து கோட்டை நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் சேர்ந்தது. தம்மிடம் உள்ள மாளிகைகளுக்கும் காலனி ஆட்சிக்கும் அடிமை வணிகத்துக்கும் இருந்த தொடர்பை அந்த அமைப்பே 2020இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. அதில் போவிஸும் இடம்பெற்றிருக்கிறது. இந்தப் பொருள்கள் திரும்ப வேண்டுமா என்று தாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன். போரில் எடுத்தவை என்பது ஐயத்துக்கு இடமில்லாத பொருள்களைப் பற்றியாவது இரண்டு நாடுகளும் உட்கார்ந்து பேச வேண்டும். அதுவரை, தமிழகத்திலிருந்து போகும் ஒவ்வொருவரும் அந்தக் காட்சிக்கூடத்துக்குள் சென்று, பெயர்ப்பலகைகளை நிதானமாகப் படித்து, நாம் அறிந்த ஊர்களின் பெயர்களை அங்கே தேட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பாறைச் சரிவில் படிப்படியாக அமைத்த மேடைகளும், மேகம்போல் திரண்டு வளர்ந்த யூ மரவேலிகளும் பிரிட்டனில் வேறெங்கும் இத்தனை அழகாக நான் கண்டதில்லை.

கேள்வி: என் மருமகன் கார்டிஃபைச் சேர்ந்தவர், குடும்பப் பெயர் பவல். தங்கள் முன்னோர் பழைய இளவரசர்கள் என்று அவருடைய பாட்டி சொல்வாராம். இதை உறுதிசெய்ய வழி உண்டா? அப்படி ஒரு கோட்டை இருந்தால் பேரக்குழந்தைகளை அழைத்துப்போக ஆசை.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அம்மா, பாட்டியின் சொல்லை எளிதில் தள்ளிவிடாதீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெரால்ட் என்ற பாதிரியார், வேல்ஸ் மக்களில் எளியவர்கள்கூடத் தங்கள் வம்சத்தை ஆறேழு தலைமுறைவரை மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். வம்சத்தை நினைவில் வைத்திருப்பது அங்கே பெருமைக்காக மட்டும் அல்ல; நிலப் பங்கும் நட்டஈட்டு உரிமையும் அதைப் பொறுத்தே அமைந்திருந்தன.

ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. "அப்" என்றால் மகன், "வெர்க்" என்றால் மகள் என்று தந்தையின் பெயரைச் சேர்த்துச் சொல்வதே வேல்ஸ் வழக்கம். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஹவெலின் மகன் என்ற பொருளில் "அப் ஹவெல்" என்று இருந்தது பவல் ஆயிற்று. அப்படியே அப் ரீஸ் பிரைஸ் ஆகவும், அப் ஹ்யூ பியூ ஆகவும், அப் ஹாரி பாரி ஆகவும், அப் ஓவைன் போவன் ஆகவும் மாறின. பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி வேல்ஸை இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த காலத்தையொட்டி, மேல்தட்டுக் குடும்பங்களில் தொடங்கி இந்தப் பெயர்கள் நிலைத்தன. எனவே ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாத பல குடும்பங்கள் பவல் என்ற பெயரைத் தாங்கியிருக்கின்றன. ஏதோ ஒரு தலைமுறையில் ஹவெல் என்று ஒரு தகப்பன் இருந்தார் என்பதே அந்தப் பெயர் தரும் ஒரே சான்று.

ஆகவே கோட்டையிலிருந்து கீழே வராமல், பாட்டியிலிருந்து மேலே போங்கள். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முந்தைய தேவாலயப் பதிவேடுகளுக்கும் உயில்களுக்கும் அபெரிஸ்ட்வித் நகரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தை நாடலாம். 1858க்கு முந்தைய வேல்ஸ் உயில்களை அந்நூலகம் இணையத்தில் இலவசமாகவே படிக்கத் தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்களில் மிகப் பலர் அரசுத் திருச்சபையை விட்டுத் தனிச் சபைகளில் சேர்ந்திருந்ததால், ஊர்த் தேவாலயத்தில் பெயர் இல்லையென்றால் அந்தச் சபைகளின் ஏடுகளையும் பார்க்க வேண்டும். பண்ணை வீட்டின் பெயர் தெரிந்தால் குடும்பப் பெயரைவிட அதுவே சிறந்த வழிகாட்டி; ஒரே ஊரில் பத்து ஜான் பவல்கள் இருப்பார்கள், ஆனால் ஒரு பண்ணைக்கு ஒரு ஜான் பவல்தான் இருப்பார். இடைக்கால வம்சாவளிகளை பீட்டர் பார்ட்ரம் என்ற அறிஞர் வாழ்நாள் முழுவதும் தொகுத்திருக்கிறார். தேடல் பதினாறாம் நூற்றாண்டின் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றைத் தொட்டுவிட்டால் அவருடைய தொகுதிகள் உதவும்.

பெரும்பாலும் ஒரு பண்ணை வீட்டில் வந்து தேடல் நிற்கும். அந்தப் பண்ணை வீட்டைப் பேரக்குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அவர்கள் பாட்டனாரின் பாட்டனார் உழுத மண் அது.

கேள்வி: கோட்டைகளின் வரலாற்றில் பெண்கள் எங்கே? எல்லாம் ஆண்களின் போர்க்கதையாகவே இருக்கிறதே?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: ஹாவிஸையும் குவென்லியனையும் ஹென்ரியெட்டாவையும் பற்றி மேலே எழுதிவிட்டேன். இன்னொருவரைப் பற்றியும் தாங்கள் அறிய வேண்டும். தென்மேற்கே பெம்புரோக்ஷயரில் கடல் ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலையின் கரையில் கேரூ கோட்டை நிற்கிறது. தெற்கு வேல்ஸை ஆண்ட ரீஸ் அப் டியூடர் 1093இல் நார்மன் படையால் கொல்லப்பட்டபோது, அவர் மகள் நெஸ்ட் வெற்றியாளர்களின் கையில் சிக்கினாள். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றிக்கு ஒரு மகனைப் பெற்றாள். பின்னர் பெம்புரோக் கோட்டைத் தலைவர் வின்ட்சர் ஜெரால்டுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். கேரூ நிலம் அவள் சீதனமாக வந்தது என்பார்கள். 1109இல் அவளுடைய உறவினனான ஓவைன் அப் காட்வ்கன் கோட்டைக்குத் தீ வைத்து அவளைத் தூக்கிச் சென்றான். கணவர் கழிவறைத் துளை வழியாகத் தப்பினார் என்று பழைய வரலாற்றேடு கூறுகிறது. அது நடந்த இடம் கேரூவா கில்கெரனா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

இந்தச் சம்பவத்தைக் காதல் கதையாகவே பலரும் சொல்லி வந்திருக்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. அவள் விருப்பத்தை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அவளைச் சொத்தாக நடத்தியவர்களின் பெயர்கள் மங்கிப்போக, அவளுடைய சந்ததிகள்தான் வரலாற்றில் பெருகி நின்றார்கள். அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்ட் பெருங்குடும்பம் அவள் வழி வந்தது. வேல்ஸ் மக்களின் வம்ச நினைவைப் புகழ்ந்து எழுதிய பாதிரியார் ஜெரால்டும் அவள் மகளின் மகன்தான். கேரூவிலிருந்து சற்றுத் தொலைவில் மேனர்பியர் கோட்டையில் பிறந்தவர். கேரூ கோட்டை இன்றும் கேரூ குடும்பத்தின் உடைமைதான். கடற்கரைத் தேசியப் பூங்கா நிர்வாகம் குத்தகைக்கு எடுத்துப் பராமரிக்கிறது. அருகிலேயே ஓத நீரால் இயங்கிய மாவு ஆலையும், பதினோராம் நூற்றாண்டின் உயர்ந்த கற்சிலுவையும் இருக்கின்றன.

கேள்வி: பாங்கர் அருகே உள்ள பென்ரின் கோட்டை மிக அழகாக இருக்கிறதாமே? அதுவும் பழைய குடும்பக் கோட்டையா?
(வாசகர், கொழும்பு)

பதில்: தோற்றம் நார்மன் காலத்தது, கட்டியது 1820களிலும் 1830களிலும். டாக்கின்ஸ்-பெனன்ட் குடும்பத்துக்காகத் தாமஸ் ஹாப்பர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். பணம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் பெத்தெஸ்டா ஊரின் சிலேட்டுக் கல் சுரங்கத்திலிருந்தும் வந்தது. அடிமை முறை ஒழிந்தபோது, 764 மனிதர்களின் விடுதலைக்கு நட்டஈடாக உரிமையாளருக்கு 14,683 பவுண்டு கிடைத்தது. விடுதலை பெற்றவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சுரங்கத் தொழிலாளர் 1900 நவம்பர் முதல் மூன்று ஆண்டுகள் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது, "இந்த வீட்டில் துரோகி இல்லை" என்று வேல்ஸ் மொழியில் அச்சிட்ட அட்டைகளை வீட்டுச் சன்னல்களில் வைத்திருந்தார்கள். கோட்டையைப் பாருங்கள், பார்த்த அன்றே பெத்தெஸ்டா தெருக்களிலும் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எழுபது வயதுப் பெற்றோருடன் போகிறோம். மழை, படிக்கட்டு இவற்றையெல்லாம் நினைத்தால் அச்சமாக இருக்கிறது. அவர்களுக்கு ஏற்ற இடங்கள் எவை?
(வாசகர், சேலம்)

பதில்: மழை கோடையிலும் பெய்யும், குடையைவிட மழைச்சட்டையும் வழுக்காத காலணியும் உதவும். டோல்விதெலனும் டோல்படார்னும் ஏற்றம் உள்ளவை. பெற்றோரைக் கீழே ஊரிலேயே இருக்கச் சொல்லலாம். கேரூவில் ஆலைக் குளத்தைச் சுற்றிவரும் சமதளப் பாதை ஏறத்தாழ ஒரு மைல். சக்கர நாற்காலிகூடப் போகும்.

தெற்கே லாண்டைலோ ஊரில் தங்கினால் இரண்டு இடங்களை நிதானமாகப் பார்க்கலாம். ஷ்ரூஸ்பரிக்கும் ஸ்வான்சிக்கும் இடையே நாட்டின் நடுவாக ஓடும் ரயில் அங்கே நிற்கிறது; நாளொன்றுக்குச் சில ரயில்களே என்பதால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரையொட்டிய டினெவர் பூங்காவில் ரீஸ் குடும்பத்தின் நியூட்டன் மாளிகை இருக்கிறது. வெண்ணிற மாடுகளும் மான்களும் மேயும் புல்வெளியைப் பெற்றோர் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். 1197இல் மறைந்த ரீஸ் இளவரசரின் பழைய கோட்டைக்குத் தாங்கள் மட்டும் மரங்களினூடே ஏறிப் போய்வாருங்கள்.

மறுநாள் காரெக் கென்னென். சுண்ணாம்புப் பாறைச் செங்குத்தின் விளிம்பில் நிற்கும் அந்தக் கோட்டை, 1960களில் ஒரு பண்ணை விற்பனையின்போது பத்திரத்தில் நேர்ந்த பிழையால் பண்ணையோடு சேர்ந்து ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சொந்தமாகிவிட்டது. பராமரிப்பை மட்டும் அரசின் காடூ துறை கவனிக்கிறது. காடூ என்ற சொல்லுக்கு வேல்ஸ் மொழியில் காப்பது என்று பொருள். ஏற்றம் செங்குத்தானது. பெற்றோர் அடிவாரப் பண்ணையின் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கட்டும். தாங்கள் கைவிளக்கு ஒன்று கொண்டு போங்கள். கோட்டைக்குள்ளிருந்து பாறையைக் குடைந்து இறங்கும் படிகளின் முடிவில் ஒரு குகை இருக்கிறது, அங்கே பகலிலும் இருட்டு.